நைட்ரோஃபியூரான்டாயின் கொடுக்கும்போது பக்கவிளைவுகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

நீர்க்கடுப்புக்கு ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போகிறவர் அதைப் பாதியில் நிறுத்த இரண்டு காரணங்கள் போதும். முதல் வேளையிலேயே குமட்டுவது ஒன்று. மறுநாள் காலையில் சிறுநீர் பழுப்பாகப் போவது இன்னொன்று. இரண்டும் இந்த மருந்தில் எதிர்பார்க்க வேண்டியவைதான், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால், "மாத்திரை சூடு, ஒத்துக்கல" என்று மிச்சத்தை அலமாரியில் போட்டுவிடுவார். பத்து நாளில் எரிச்சல் திரும்பி வரும்.

இதே மருந்தில் அபூர்வமாக வரக்கூடிய, ஆனால் தவறவிடவே கூடாத விளைவுகளும் உண்டு. நுரையீரலில், ஈரலில், நரம்பில். "பக்கவிளைவு ஒண்ணும் இல்லம்மா, தைரியமா போடுங்க" என்று அனுப்பி வைத்தால், அவை வரும் நாளில் அந்த அம்மா மாத்திரையைச் சந்தேகிக்கவே மாட்டார். எதைச் சமாளித்துக்கொண்டு தொடரலாம், எதைப் பார்த்து பயப்பட வேண்டாம், எதைக் கண்டதும் நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வதுதான் நம் வேலை. மருந்துக்கடையிலும் மருத்துவமனை மருந்தகத்திலும் வெளிநோயாளர் பிரிவிலும் நோயாளியிடம் பேசும் மருந்தாளுநர், செவிலியர், இளம் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது இது. வயது வந்தோருக்கான அளவுகளே இங்கே உள்ளன.

மருந்து எங்கே வேலை செய்கிறது

நைட்ரோஃபியூரான்டாயின் 1953-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு முக்கியக் காரணமான ஈ.கோலை கிருமி பல நவீன ஆன்டிபயாட்டிக்குகளுக்கு எதிர்ப்பு காட்டத் தொடங்கிய பிறகும், இதற்குப் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. அதனால்தான் இது மறுபடி முன்வரிசைக்கு வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரிக்கும் பட்டியலில், முதலில் பயன்படுத்தத் தக்கவை என்ற பிரிவில் இது இருக்கிறது.

விழுங்கிய மருந்து இரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். சிறுநீரகம் அதை வெளியேற்றுவதால் சிறுநீரில் அதன் செறிவு கூடுகிறது. சிறுநீரக நலம், உணவு, சிறுநீரின் புளிப்புத்தன்மை ஆகிய மூன்றும் இந்த மருந்தில் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு செய்தியே விளக்கம். இரத்தத்திலும் திசுக்களிலும் போதிய அளவு சேராததால், குளிர்க்காய்ச்சலும் விலாவுக்குப் பின்னால் வலியும் உள்ள சிறுநீரகத் தொற்றுக்கு இது உதவாது. ஆண்களுக்கு வரும் தொற்றில் புராஸ்டேட் சுரப்பியும் சேர்ந்திருந்தால் அங்கேயும் எட்டாது.

வழக்கமான அளவு: மெதுவாகக் கரையும் 100 மி.கி. மாத்திரை அல்லது கேப்ஸ்யூல், 12 மணி நேரத்துக்கு ஒன்று, 5 நாள். ஸ்ட்ரிப்பில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது எம்.ஆர். என்று இருக்கும். அந்த எழுத்துகள் இல்லாத சாதாரண வகை என்றால் 50 முதல் 100 மி.கி., நாளைக்கு நான்கு வேளை. சீட்டில் "100, இரண்டு வேளை" என்று எழுதியிருக்க, கடையில் இருப்பு இல்லை என்று சாதாரண வகையை அதே இரண்டு வேளைக்குக் கொடுத்துவிடுவது கவுன்ட்டரில் நடக்கும் தவறு. மருந்து குறைவாகப் போகும். குமட்டல் அதிகமாகும். மாற்றித் தர வேண்டியிருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டு மாற்றுங்கள்.

முதல் படி: சொல்வதற்கு முன் கேளுங்கள்

பக்கவிளைவைப் பற்றிய பேச்சு கேள்வியில்தான் தொடங்க வேண்டும். யாருக்கு எது வரும் வாய்ப்பு அதிகம் என்பது அந்தப் பதில்களில் இருக்கிறது.

காய்ச்சல், நடுக்கம், வாந்தி, விலா வலி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் இது சிறுநீர்ப்பையைத் தாண்டிய தொற்றாக இருக்கலாம். மாத்திரையைக் கொடுத்து அனுப்பாமல் மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது சிறுநீரகம். "கிட்னி நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்பார்கள். கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் எவ்வளவு என்று பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது, கணக்குப் போட வேண்டும். 75 வயது, 45 கிலோ எடையுள்ள பாட்டிக்கு கிரியேட்டினின் 1.1 என்று வைத்துக்கொள்வோம். பல ஆய்வகங்களின் தாளில் அது இயல்பான எல்லைக்குள்தான் இருக்கும். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும் காக்ராஃப்ட்-கால்ட் முறையில் 140-இலிருந்து வயதைக் கழித்தால் 65. அதை எடையால் பெருக்கி, பெண் என்பதால் 0.85-ஆலும் பெருக்கி, 72-ஐ 1.1-ஆல் பெருக்கி வந்த 79.2-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 31 மி.லி. வருகிறது. "நார்மல்" என்று தாளில் இருந்தவரின் சிறுநீரகம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வடிகட்டுகிறது.

எந்த எண்ணுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பதில் நாடுகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. அமெரிக்க மருந்துக் குறிப்பு 60-க்குக் கீழே கூடாது என்கிறது. பிரிட்டனில் எல்லை 45. அங்கே 30 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு, வேறு மருந்துக்கு மசியாத கிருமி என்றால் மட்டும், 3 முதல் 7 நாள் வரை கவனத்தோடு தரலாம் என்று விதிவிலக்கு உண்டு. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் அமெரிக்கப் பட்டியல், குறுகிய காலத்துக்கு 30 வரை இறங்குகிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் 30-க்குக் கீழே வேண்டாம். அந்த நிலையில் மருந்து சிறுநீருக்குள் போதுமான அளவு வராததால் நோய் குணமாகாது. இரத்தத்தில் தேங்குவதால் நரம்புக்குக் கேடு வரும். பலனே இல்லாமல் பக்கவிளைவு மட்டும் மிஞ்சும் நிலை இது என்பதால், தயங்காமல் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கர்ப்பமா, எத்தனை மாதம் என்று கேளுங்கள். நிறைமாதத்தில், அதாவது 38 வாரத்துக்குப் பிறகும் பிரசவ நேரத்திலும், இது கூடவே கூடாது. பிறக்கும் குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு. முதல் மூன்று மாதத்தில் வேறு பொருத்தமான மருந்து இருந்தால் அதையே தேர்வது நல்லது. பால் கொடுக்கும் தாய் என்றால் குழந்தையின் வயதைக் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் தவிர்க்க வேண்டும்.

ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது, நம் ஊரில் பெரும்பாலானோர் கேள்விப்படாத பெயர். பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் வராது. "எப்பவாவது மாத்திரை சாப்பிட்டு உடம்பு மஞ்சளாச்சா? இரத்தம் குறைஞ்சு போய் ஆஸ்பத்திரியில சேர்ந்தீங்களா? வீட்டில் ஆம்பளைப் பிள்ளைங்க யாருக்காவது பிறந்ததும் கடுமையான மஞ்சள்காமாலை வந்து இரத்தம் மாத்தினாங்களா?" என்று கேளுங்கள். சில பழங்குடிச் சமூகங்களில் இந்தக் குறைபாடு அதிகம். பரம்பரையாக வருவது, ஆண்களையே பெரிதும் பாதிப்பது. ஆம் என்றால் மருந்தைக் கொடுக்காதீர்கள்.

சர்க்கரை நோய் உண்டா, கால் மரத்துப்போகிறதா என்பது அடுத்தது. நம் ஊரில் அதிகம் பேருக்குப் பொருந்தும் கேள்வி இதுதான். இந்த மருந்து நரம்பைத் தாக்கினால் பாதத்தில் மதமதப்பாகவோ எரிச்சலாகவோதான் தொடங்கும். சர்க்கரை நோய், இரத்தசோகை, பி12 குறைவு, சிறுநீரகக் குறைபாடு ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். 60 வயது தாண்டிய, பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை போடும் ஒருவரிடம் இந்த எல்லாக் காரணங்களும் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஏற்கெனவே கால் மரத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். பிறகு மோசமானால் நோயா மருந்தா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

முன்பு இதே மாத்திரை போட்டிருக்கிறாரா, அப்போது காய்ச்சல், இருமல், மூச்சு முட்டல், மஞ்சள்காமாலை ஏதாவது வந்ததா என்றும் கேளுங்கள். ஒருமுறை நுரையீரலோ ஈரலோ பாதிக்கப்பட்டிருந்தால் வாழ்நாளில் மறுபடி கொடுக்கக் கூடாது. இரண்டாம் முறை எதிர்வினை இன்னும் வேகமாக, சில மணி நேரத்திலேயே வரும்.

இரண்டாம் படி: கூட என்ன மருந்து போகிறது என்று பாருங்கள்

எரிச்சல் தணிய என்று சிறுநீரைக் காரமாக்கும் சிட்ரேட் சிரப்பைச் சேர்த்து எழுதுவது இங்கே பரவலான வழக்கம். டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் என்று பாட்டிலில் இருக்கும். கடைக்காரரே "கூட ஒரு சிரப் குடிங்க, சீக்கிரம் கேக்கும்" என்று எடுத்துக் கொடுப்பதும் உண்டு. நைட்ரோஃபியூரான்டாயினோடு அது சேரக் கூடாது. இந்த மருந்து புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். சிறுநீர் காரமானால் கிருமியைக் கொல்லும் திறன் குறைந்துவிடும். இரண்டும் ஒரே சீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்டு சிரப்பை நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். கண் அழுத்தத்துக்கு அசிட்டசோலமைடு சாப்பிடுகிறவருக்கும் இதே சிக்கல் வரும்.

வயிற்றுக்காக ஆன்டாசிட் சாப்பிடும் பழக்கம் இருந்தால் லேபிளில் மெக்னீசியம் ட்ரைசிலிகேட் இருக்கிறதா என்று பாருங்கள். அது மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. குமட்டல் வந்ததும் நோயாளி தானாகப் போய் வாங்குவதும் பெரும்பாலும் ஆன்டாசிட்தான் என்பதால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். கவுட் நோய்க்குப் புரோபெனிசிட் சாப்பிடுபவருக்கு மருந்து சிறுநீருக்குள் வருவது தடைபடும். நார்ஃப்ளாக்ஸசின் போன்ற வேறு ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துப் போட்டால் ஒன்றின் வேலையை ஒன்று கெடுக்கும். வீட்டில் மிச்சமிருந்த பழைய மாத்திரையையும் கூடப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். "வேற ஏதாவது ஏற்கெனவே போட்டீங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாம் படி: சாப்பாட்டோடு என்று அழுத்திச் சொல்லுங்கள்

"சாப்பிட்டு போடுங்க" என்று எல்லா மாத்திரைக்கும் சொல்கிறோம், அதனால் யார் காதிலும் அது ஏறுவதில்லை. இந்த மருந்தில் அதற்கு இரண்டு பலன்கள் உண்டு. வயிற்றில் உணவு இருந்தால் குமட்டல் குறையும். மருந்து உடலில் சேரும் அளவும் கூடும். வெறும் வயிற்றில் போடுகிறவர் இரண்டையும் இழக்கிறார்.

"சாப்பாடு" என்றால் என்ன என்பதையும் சொல்லுங்கள். ஒரு டம்ளர் காபியும் இரண்டு பிஸ்கட்டும் பலருக்குக் காலை உணவுக் கணக்கில் வந்துவிடும். மூன்று இட்லியோ இரண்டு தோசையோ ஒரு கிண்ணம் சாதமோ சாப்பிட்டு, உடனே ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். காலை 8 மணி டிபனோடு ஒன்று, இரவு 8 மணி சாப்பாட்டோடு ஒன்று என்று மணியைச் சொன்னால் மனதில் நிற்கும். நோன்பு இருப்பவருக்கு சஹரிலும் இஃப்தாரிலும் இரண்டு வேளை பொருந்திவிடும். ஆனால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தொற்றுக்கு நல்லதில்லை என்பதையும் சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள்.

எஸ்.ஆர். வகையை உடைக்கவோ மெல்லவோ தூளாக்கவோ கூடாது. விழுங்கக் கஷ்டம் என்று சொல்பவருக்காக கேப்ஸ்யூலைத் திறந்து தண்ணீரில் கலந்தால் மருந்து ஒரேயடியாக வெளியேறி வயிற்றைப் புரட்டும்.

ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது.

நான்காம் படி: வரக்கூடியவற்றை வரிசையாகச் சொல்லுங்கள்

முதலில் குமட்டல். மெதுவாகக் கரையும் வகையைச் சோதித்த ஆய்வுகளில் 100 பேரில் 8 பேருக்குக் குமட்டலும், 6 பேருக்குத் தலைவலியும், ஒன்றிரண்டு பேருக்கு வாயுத் தொல்லையும் பதிவாயின. "நூறு பேர்ல எட்டுப் பேருக்கு வயித்தைப் புரட்டும், மத்தவங்களுக்குப் புரட்டாது" என்று எண்ணோடு சொல்லுங்கள். "சிலருக்கு வரலாம்" என்பதைவிட எண் பயத்தைக் குறைக்கும். குமட்டினால் அடுத்த வேளையை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்து மருந்து வெளியே வந்துவிட்டால் இன்னொன்று போடலாம் என்பது பொதுவான வழக்கம். அப்படிப் போட்டால் ஒரு வேளைக்கு மாத்திரை குறையும் என்பதால் கடைக்கு வரச் சொல்லுங்கள். இரண்டு வேளை தொடர்ந்து வாந்தி என்றால் இந்த மருந்து அவருக்குச் சரிப்படாது, மாற்ற வேண்டும்.

தலைவலி, லேசான தலைசுற்றல் இருக்கலாம். சுற்றினால் அன்று ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். அந்தரங்க உறுப்பில் அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் வந்தால் அது பூஞ்சைத் தொற்று. மருந்தை நிறுத்தாமல் வந்து காட்டச் சொல்லுங்கள்.

சிறுநீரின் நிறம்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். மருந்தே மஞ்சள் நிறப் பொடி. அது சிறுநீரில் வெளியேறும்போது கருமஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் மாறும். துணியில் கறைபடலாம். தீங்கு எதுவும் இல்லை. மருந்து முடிந்ததும் நிறம் தானாகப் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், நம் மக்கள் சிறுநீரின் நிறத்தை வைத்துத்தான் "சூட்டை" அளக்கிறார்கள். எரிச்சலோடு வந்தவருக்கு மறுநாள் நிறமும் கறுத்தால், மாத்திரை சூட்டைக் கூட்டிவிட்டது என்ற முடிவுக்கு ஒரு நொடியில் வந்துவிடுவார். அதோடு வாதாடத் தேவையில்லை. "இது உடம்புச் சூடு இல்லம்மா, மாத்திரையோட சாயம்தான் இறங்குது. இளநீர், மோர் தாராளமா குடிங்க, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்று சொன்னால் போதும். மோரும் இளநீரும் இந்த மருந்தைத் தடுப்பதில்லை. எரிச்சலுக்குப் பினாசோபிரிடின் மாத்திரையும் எழுதியிருந்தால் நிறம் செம்மஞ்சளாகப் போகும். அதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரத்தம் என்று நினைப்பார்கள்.

ஆனால் "நிறம் மாறினால் பரவாயில்லை" என்று அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டால் ஆபத்து. ஈரல் பாதிக்கப்பட்டாலும் சிறுநீர் கறுக்கும். ஜி6பிடி குறைபாடு உள்ளவருக்குச் சிவப்பணு சிதைந்தாலும் கறுக்கும். நாம் சொன்ன ஆறுதலே நோயாளியை வீட்டில் உட்கார வைத்துவிடக் கூடாது. அதனால் நிறத்தோடு வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கண் மஞ்சளாகிறதா, மலம் வெளுத்துப் போகிறதா, உடல் முழுக்க அரிக்கிறதா, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பாக இருக்கிறதா என்பவை ஈரலுக்கானவை. முகம் வெளிறி, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்தால் சிவப்பணு சிதைகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து முடிந்து இரண்டு நாள் ஆகியும் நிறம் தெளியாவிட்டாலும் வர வேண்டும். இரத்தம் வேறு மாதிரி இருக்கும், சிவப்பாகவோ கட்டிகளோடோ வரும். தொற்றினாலேயே ஆரம்பத்தில் கொஞ்சம் இரத்தம் வரலாம். ஆனால் மருந்து தொடங்கி இரண்டு நாளுக்குப் பிறகும் வந்தால் காட்ட வேண்டும்.

"அம்மா, ஒண்ணுக்கு டிகாக்ஷன் மாதிரி போனா பயப்படாதீங்க. ஆனா தினமும் காலையில கண்ணாடியில கண்ணைப் பாருங்க. கண்ணு மஞ்சளா தெரிஞ்சா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே வந்துடுங்க." இவ்வளவுதான். இந்த மூன்று வாக்கியங்களும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாமல் போய்ச் சேர வேண்டும்.

வீட்டிலோ சிறிய ஆய்வகத்திலோ சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கிச் சர்க்கரை பார்க்கும் பழக்கம் இருந்தால், இந்த மருந்து போடும் நாட்களில் இல்லாத சர்க்கரை இருப்பதாகக் காட்டும். அதைப் பார்த்துச் சர்க்கரை மாத்திரையைக் கூட்டிவிடக் கூடாது. விரலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு இந்தக் கோளாறு இல்லை.

உடனே நிறுத்த வேண்டியவை

நுரையீரல் எதிர்வினை பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் வரும். திடீர்க் காய்ச்சல், குளிர் நடுக்கம், வறட்டு இருமல், நெஞ்சு வலி, மூச்சு முட்டல். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காய்ச்சல் வந்ததும் நோயாளியும் சரி, சில நேரம் மருத்துவரும் சரி, தொற்று மேலே ஏறிவிட்டது அல்லது நிமோனியா என்றுதான் நினைப்பார்கள். தொற்று ஏறியிருந்தால் விலாவில் வலிக்கும், எரிச்சலும் தொடரும். எரிச்சல் நன்றாகக் குறைந்து வந்த நிலையில் புதிதாகக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இதைப் பிரித்தறியும்படி நோயாளியிடம் கேட்க முடியாது. "இருமலோ மூச்சுத் திணறலோ வந்தா அடுத்த மாத்திரை போடாதீங்க, ஸ்ட்ரிப்பை எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க" என்று சொல்லுங்கள். காலத்தில் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் முழுமையாகச் சரியாகிவிடும்.

முகமோ உதடோ வீங்கினால், உடல் முழுக்கத் தடித்தால், மூச்சு இழுத்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும். தோலில் கொப்புளமோ வாய்ப்புண்ணோடு காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதத்திலோ விரல் நுனியிலோ ஊசி குத்துவது போல், எரிவது போல், செருப்பு நழுவுவது தெரியாத அளவுக்கு மரத்தால் மாத்திரையை நிறுத்த வேண்டும். நரம்புப் பாதிப்பு நாள்பட்டால் திரும்பாமலே போகலாம் என்பதால் "பார்ப்போம், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. தண்ணீராக, பல முறை, இரத்தமோ சளியோ கலந்து பேதியானால், நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போடாமல் வந்து காட்ட வேண்டும். மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்தும் இந்தப் பேதி வரக்கூடும்.

இரண்டு நாள் முழுதாகப் போட்டும் எரிச்சல் குறையவில்லை என்றால் அது பக்கவிளைவு கிடையாது, மருந்து கேட்கவில்லை என்று பொருள். யூரின் கல்ச்சர் தேவைப்படும்.

மாதக்கணக்கில் போடுபவர்கள்

அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு இரவில் படுக்கும் முன் 50 அல்லது 100 மி.கி. என்று மாதக்கணக்கில் எழுதுவது உண்டு. இவர்களுக்கான பேச்சே வேறு. ஐந்து நாள் போடுபவரிடம் காய்ச்சலையும் இருமலையும் எச்சரிக்கிறோம். ஆறு மாதம் போடுபவருக்கு நுரையீரல் மெல்ல மெல்ல, காய்ச்சலே இல்லாமல் இறுகக்கூடும். மாடிப்படி ஏறினால் இரைக்கும், வறட்டு இருமல் விடாது. "வயசாயிடுச்சு, அதான்" என்று நினைப்பார். நெஞ்சு மருத்துவரிடம் போவார். அங்கே பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் சொல்வார், இரவில் போடும் ஒரு சின்ன "ஒண்ணுக்கு மாத்திரை"யைச் சொல்ல மாட்டார். மருந்து தொடரும். நுரையீரலில் விழும் தழும்பு மருந்தை நிறுத்தினாலும் முழுதாக மறையாமல் போகலாம். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023 ஏப்ரலில் நுரையீரல், ஈரல் பாதிப்புகளைப் பற்றி மருத்துவர்களுக்கு மறுபடி நினைவூட்டியது.

எனவே நீண்ட நாள் போடுபவரின் நோட்டில் மருந்தின் பெயரையும் தொடங்கிய தேதியையும் பெரிதாக எழுதிக் கொடுங்கள். எந்த மருத்துவரிடம் எந்த நோய்க்குப் போனாலும் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகள் குறித்த இடைவெளியில் எடுக்கப்படுகின்றனவா என்று ஒவ்வொரு முறை மருந்து வாங்க வரும்போதும் கேளுங்கள். கூடவே இரண்டே கேள்விகள்: போன மாதம் ஏறிய படியை இப்போதும் அதே மாதிரி ஏற முடிகிறதா? காலில் மதமதப்பு உண்டா? பழைய சீட்டை நீட்டி "அதே மாத்திரை குடுங்க" என்று பத்தாவது மாதமாக வருபவருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: சரியான ஆளிடம், சரியான இடத்தில்

நீர்க்கடுப்பு மருந்தை வாங்க வருவது பெரும்பாலும் கணவரோ மகனோ பக்கத்து வீட்டுப் பையனோதான். மேலே சொன்ன கேள்விகளில் பாதிக்கு அவர்களுக்குப் பதில் தெரியாது. மற்ற பாதியை அவர்களிடம் கேட்க முடியாது. போனில் அந்த அம்மாவையே பேசச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். நோயாளியே வந்திருந்தால் கவுன்ட்டரின் ஓரத்துக்கு அழைத்து, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். பின்னால் நான்கு பேர் நிற்கும்போது "கர்ப்பமா இருக்கீங்களா? வெள்ளைப்படுதா?" என்று கேட்டால், உண்மை எதுவாக இருந்தாலும் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் சரியா சொன்னேனான்னு தெரிஞ்சுக்கணும்கா. வீட்டுக்குப் போய் அண்ணன் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். எப்போது போடுவது, நிறம் மாறினால் என்ன, எப்போது நிறுத்துவது என்ற மூன்றும் அவர் வாயிலிருந்து வந்துவிட வேண்டும். விட்டுப்போனதை மட்டும் மறுபடி சொல்லுங்கள்.

பிறகு ஒரு துண்டுச் சீட்டு. "காலை 8, இரவு 8, சாப்பாட்டோடு. 5 நாள், மொத்தம் 10. பழுப்பு நிறம் – பயம் இல்லை. கண் மஞ்சள், இருமல், மூச்சுத் திணறல், தடிப்பு, கால் மரத்தல் – நிறுத்து, வா." அதற்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. கீழே உங்கள் கடையின் தொலைபேசி எண். படிக்கத் தெரியாதவர் என்றால் ஸ்ட்ரிப்பின் பின்புறம் மார்க்கரால் சூரியனும் நிலாவும் வரையுங்கள், நிறுத்த வேண்டிய அறிகுறிகளை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

ஆறாம் படி: மூன்றாம் நாள் ஒரு அழைப்பு

மூன்றாம் நாள் ஒரு போன் செய்யுங்கள். எரிச்சல் குறைந்ததா, எத்தனை மாத்திரை மிச்சம், வயிறு எப்படி, காய்ச்சலோ இருமலோ உண்டா. மிச்சம் எத்தனை என்ற கேள்வியில் உண்மை வெளிவரும். முதல் நாள் இரவில் தொடங்கியவர் மூன்றாம் நாள் மதியம் ஆறு மாத்திரை வைத்திருக்க வேண்டும். எட்டு இருந்தால் எங்கோ விட்டிருக்கிறார். ஏன் என்று கோபப்படாமல் கேளுங்கள். பதில் பெரும்பாலும் குமட்டலாகவோ நிறமாகவோ இருக்கும், அதற்கான விளக்கம் உங்களிடம் இருக்கிறது. நன்றாகிவிட்டது, இனி எதற்கு என்று விட்டவரிடம், எரிச்சல் போவதும் கிருமி போவதும் ஒரே நாளில் நடப்பதில்லை என்று சொல்லி மீதியை முடிக்கச் செய்யுங்கள்.

கடுமையான விளைவு ஏதாவது வந்திருந்தால், அது மருந்தால்தான் என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும், இந்திய மருந்து கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். கட்டணமில்லா எண் 1800-180-3024, வேலை நாட்களில் எடுப்பார்கள். நோயாளியே நிரப்பி அனுப்பும் படிவம் தமிழிலும் உண்டு. நோயாளியின் வயதும் பாலினமும், மருந்தின் பெயர், அளவு, ஸ்ட்ரிப்பில் உள்ள தொகுதி எண், தொடங்கிய தேதி, அறிகுறி தெரிந்த தேதி, நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று, கூடச் சாப்பிட்ட மற்ற மருந்துகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். அதற்காகவே, பக்கவிளைவோடு வருபவரிடம் மிச்ச ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள்.